ஆறு வாரம் எங்கே தங்குவாள்?

குமாரலிங்கபுரம் என்ற ஊரின் பெயரை நேயர்களில் பலர் இப்போதுதான் முதல் தடவையாகக் கேள்விப்படுகிறீர்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த சீமையைச் சேர்ந்தது அது. கரிசல் காடு. மழை பெய்தால் கால் புதையும். பெய்யாவிட்டால் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். பருத்தி, மிளகாய், கம்பு, குதிரைவாலி என்று எதையாவது விதைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். வானம் கைவிட்ட வருஷத்தில் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பார்கள். உழைப்புக்கு அஞ்சாத ஜனங்கள்.

அப்படிப்பட்ட ஓர் ஊரில் ஒரு வீட்டுத் திண்ணையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். இடுப்பில் சுருக்குப் பை. அதில் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. அவளுக்கு நான் பெயர் வைக்கவில்லை. வைத்தால் அந்தப் பெயருள்ள யாராவது ஒருத்தி வருத்தப்படுவாள். கற்பனை அம்மாள்தான், ஆனால் பெரிய ஆஸ்பத்திரி எதன் வாசலில் வேண்டுமானாலும் போய் நின்று பாருங்கள், அவளைப் போன்றவர்களைக் காணாமல் திரும்ப மாட்டீர்கள்.

மூன்று மாதமாக அவளுடைய இடது கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண். வலி அதிகம் இல்லை. மிளகாய் பட்டால் எரிகிறது, அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை தெரியுமா? பயந்தவள் நோய்க்குப் பயப்படவில்லை. "வீட்டை விட்டுத் திண்ணைக்குத் தள்ளிவிடுவார்களோ" என்றுதான் பயந்தாள்.

அவள் பயம் வீண் பயம் என்று நம்மால் சொல்ல முடியுமா, சகோதரிகளே? வாய்ப்புண் முற்றினால் நாற்றம் அடிக்கும். தட்டைத் தனியாக வைப்பார்கள். தம்ளரைத் தனியாக வைப்பார்கள். பேரக் குழந்தையை மடியில் விட மாட்டார்கள். பிறகு படுக்கையைத் திண்ணைக்கு மாற்றுவார்கள். அதன் பிறகு மாட்டுத் தொழுவத்துக்கு. புற்றுநோய் தொற்று வியாதி அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது. டாக்டர்கள் எத்தனையோ வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். ஆனால் தட்டும் தம்ளரும் இன்னும் தனியாகத்தான் போகின்றன.

இதோடு இன்னொரு சங்கதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் குடிக்கிறவர். மகள் கல்யாணத்துக்கும், பொய்த்துப்போன இரண்டு வெள்ளாமைக்கும் வாங்கிய கடனுக்கு வீட்டுப் பத்திரம் ஏற்கெனவே வெளியில் இருக்கிறது. மிச்சம் இருப்பது காதில் ஒரு ஜோடிக் கம்மல்.

நோய், குடியும் புகையிலையும், கூரை பறிபோவது: இவை மூன்றும் தனித் தனி ஆபத்துகள் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஒன்றுக்கு ஆஸ்பத்திரி, ஒன்றுக்குப் புத்திமதி, ஒன்றுக்கு விதி. ஆனால் அந்த அம்மாளின் வாழ்க்கையில் மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள்.

முதலில் அந்தச் சுருக்குப் பையைப் பார்ப்போம்.

கன்னியாகுமரி ஜில்லாவில் நெய்யூர் என்று ஓர் ஊர் உண்டு. பழைய திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்தது. அங்கே இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் ஆர் என்ற வெள்ளைக்கார டாக்டர் வேலை பார்த்தார். வாய்ப் புற்றுநோயோடு வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களாக இருப்பதை அவர் கவனித்தார். கண்டதை எழுதி லண்டனில் வெளியாகும் பிரபல வைத்தியப் பத்திரிகையான 'லான்செட்'டுக்கு அனுப்பினார். அது வெளிவந்த வருஷம் 1933. நம் நாட்டுத் தென்கோடியில் கண்டறிந்த உண்மை கடல் கடந்து போயிற்று. ஆனால் பக்கத்துக் கரிசல் காட்டுக்கு வந்து சேர இன்னும் பாதி வழியில் இருக்கிறது!

வெற்றிலை போடுகிறவர்கள் புகையிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள், கவனித்திருப்பீர்கள். எந்தக் கன்னத்தில் அடக்குகிறார்களோ, பெரும்பாலும் அங்கேதான் புண்ணும் தொடங்குகிறது. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் உண்டாக்கும் என்று 1985-லும், புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே உண்டாக்கும் என்று 2004-லும் வெளியிட்டுவிட்டது. மதுவை 1988-லேயே அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். புகையிலையும் மதுவும் ஒரே வாயில் சேர்ந்தால் ஒன்றும் ஒன்றும் இரண்டு அல்ல. அதைவிட வெகு அதிகம்.

இதைப் படித்துவிட்டு அந்த அம்மாளை ஏசப் புறப்பட்டுவிடாதீர்கள். உச்சி வெயிலில் களை எடுக்கிறவளுக்குப் பசியை அடக்கும் மருந்து அதுதான். பல்வலிக்கு அதுதான். தூக்கம் வராமல் வேலை பார்க்க அதுதான். நம் வீட்டுக் கல்யாணங்களில் வெள்ளித் தட்டில் வைத்து உபசரித்த பொருளை, அவள் சுருக்குப் பையில் வைத்திருந்தாள் என்பதற்காகக் குற்றவாளி ஆக்குவது எந்த ஊர் நியாயம்?

சரி, ஒரு நாள் எப்படியோ விஷயம் வெளியே வந்துவிட்டது. மதுரைக்கு அழைத்துப் போகிறார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியைச் சேர்ந்த புற்றுநோய்ப் பிரிவு பாலரெங்காபுரத்தில் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சிகிச்சைச் செலவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 2009-ல் ஒரு பெயரிலும், 2012 முதல் இன்னொரு பெயரிலும் நடந்துவரும் இந்தத் திட்டம் எத்தனையோ ஏழைகளின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. இதை மனமாரச் சொல்ல வேண்டும்.

ஆனால் டாக்டர் ஒரு வார்த்தை சொல்கிறார்: "ஆறு, ஏழு வாரம் கரண்ட் வைக்க வேண்டும்."

கதிரியக்கச் சிகிச்சைக்கு நம் ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் அது. வாரத்தில் ஐந்து நாள், ஒரு நாளைக்கு ஒரு தடவை. மொத்தம் முப்பது, முப்பத்தைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் இயந்திரத்தின் அடியில் படுத்திருப்பது சில நிமிஷங்கள்தான். அந்தச் சில நிமிஷம் போக மிச்சம் இருபத்து மூன்றே முக்கால் மணி நேரம் அவள் எங்கே இருப்பாள்? இந்தக் கேள்வியை மருந்துச் சீட்டில் எழுத இடம் கிடையாது.

தினமும் ஊருக்குப் போய் வரலாமே என்பீர்கள். போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல். மூன்றாவது வாரத்தில் வாய் முழுவதும் வெந்துவிடும். எச்சில் விழுங்குவதே வேதனை. சில பேருக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் கஞ்சி ஊற்ற வேண்டியிருக்கும். அந்த நிலையில் இரண்டு பஸ் மாறிப் போய் வருவதைப் பற்றி யோசித்துப் பாருங்கள். துணைக்கு வருகிறவருக்குத் தினக் கூலி போய்விடும். காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டும்; விட்டுப்போன கூலியைக் கட்டாது, வீட்டு வாடகையைக் கட்டாது.

ஆகவே பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். பாதியில் நிறுத்திய கதிர் சிகிச்சை, பாதி வெந்த சோறு மாதிரி. இடையில் நாட்கள் விட்டுப்போனால் நோய் மறுபடியும் தலை தூக்குவதற்கு இடம் கொடுத்த மாதிரி ஆகும் என்பது டாக்டர்களின் திடமான அபிப்பிராயம். மற்ற சிலர் நிறுத்தாமல் ஆஸ்பத்திரி வாசலிலேயே தங்கிவிடுகிறார்கள். மரத்தடியில், நடைபாதையில், பஸ் நிலையத்தில். நோய் வந்து வீட்டை இழந்தவர்கள் என்று இவர்களைச் சொல்வதா, வீட்டை இழந்ததால் நோய் முற்றியவர்கள் என்று சொல்வதா? எனக்குத் தெரியவில்லை.

பம்பாயில் பரேல் பகுதியில் டாட்டா புற்றுநோய் ஆஸ்பத்திரி 1941-ல் திறக்கப்பட்டது. நாலா திசையிலிருந்தும் வரும் ஏழைகள் அதன் சுற்றுப்புறத்து நடைபாதைகளில் படுத்துக் கிடப்பது இன்றும் காணும் காட்சி. அதே ஊரில் தாதரில் ஒரு தர்மசாலை இருக்கிறது. காட்கே மகராஜ் என்ற மகானின் பெயரால் நடப்பது. புற்றுநோயாளிகளும் கூட வந்தவர்களும் அங்கே மிகச் சொற்பக் கட்டணத்தில் தங்குகிறார்கள்.

இந்தக் காட்கே மகராஜ் யார் என்று சொல்ல வேண்டும். 1876-ல் விதர்ப்பத்தில் சலவைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் குடிப்பழக்கத்தால் சீரழிந்து மாண்டார். பிள்ளை வளர்ந்து பெரியவனாகி, குடும்பத்தை விட்டுப் புறப்பட்டார். கையில் ஒரு துடைப்பம், தலையில் ஓர் உடைந்த மண் பாத்திரம். அதுதான் சோற்றுச் சட்டி. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தெருவைப் பெருக்குவார். இரவில் பஜனை பாடிக் குடிக்காதீர்கள் என்று கெஞ்சுவார். ஜனங்கள் கொடுத்த பணத்தில் தர்மசாலைகள் கட்டினார். தமக்கென்று ஒரு குடிசை கட்டிக்கொள்ளவில்லை. 1956-ல் காலமானார். வீடில்லாத மனிதர் ஒருவர், குடியால் தகப்பனை இழந்தவர், மற்றவர்களுக்குக் கூரை தேடித் திரிந்தார். அவர் பெயர் கொண்ட கூரையின் கீழ் இன்று புற்றுநோயாளி படுத்துத் தூங்குகிறான். மூன்று புரிகளும் ஒன்றாகச் சேர்ந்த கயிறு என்று சொன்னேனே, அதை ஒரு மனிதர் இப்படியும் பிரித்துக் காட்டியிருக்கிறார்.

நம் தமிழ்நாட்டிலும் பிரித்துக் காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் ஸ்திரீகள் என்பதுதான் விசேஷம்.

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவருடைய தங்கையைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. அந்தத் தங்கைக்கு வயிற்றுக் கடுப்பு என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். அது கடுப்பு அல்ல, மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923-ல் தங்கை போய்விட்டாள். டாக்டரான அக்காவே பக்கத்தில் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை! அந்த நெருப்பு அவர் மனத்தில் அணையவே இல்லை.

ஆனால் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு முன்னால் அவர் தொடங்கியது வேறொரு ஸ்தாபனம். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் சட்டசபையில் போராடிய காலத்தில், தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் மூவர் போக்கிடம் இல்லாமல் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். எந்த விடுதியிலும் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. டாக்டர் அம்மாள் அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். 1930-ல் அப்படிப் பிறந்ததுதான் அடையாறு ஔவை இல்லம். முதலில் கூரை, பிறகு படிப்பு, பிறகு மற்றது என்ற வரிசை அந்த அம்மாளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல.

புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் பேசினார். பிறகு வருஷக் கணக்காகக் கதவு கதவாகத் தட்டினார். "புற்றுநோய்க்காரர்கள் எப்படியும் இறந்துபோகிறவர்கள்தானே, அவர்களுக்கு ஆஸ்பத்திரி எதற்கு?" என்ற தோரணையில் பதில்கள் வந்தன. 1952-ல் ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954 ஜூன் மாதம் மாதர் சங்கத்தின் பெயரால் அடையாற்றில் வேலை தொடங்கியது. பன்னிரண்டு படுக்கைகள்! முத்துலட்சுமி அம்மாளின் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி தலைமை. மறு வருஷம் ஓர் இளம் லேடி டாக்டர் வந்து சேர்ந்தார். அரசாங்கப் பெண்கள் ஆஸ்பத்திரியில் கிடைத்த உத்தியோகத்தை உதறிவிட்டு வந்தவர். அவர்தாம் டாக்டர் சாந்தா. ஆரம்ப வருஷங்களில் சம்பளம் வாங்காமல் உழைத்தார். ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே ஓர் இருப்பிடம் கொடுத்தார்கள். 2021 ஜனவரியில் தமது 93-வது வயதில் காலமாகும் வரை அங்கேதான் குடியிருந்தார். மகசேசே விருது 2005-லும், பத்ம விபூஷண் 2016-லும் தேடி வந்தன. நோயாளிகள் இருக்கும் இடமே தன் வீடு என்று அவர் வாழ்ந்ததை நினைத்தால், விருதுகள் எனக்குச் சின்னதாகத்தான் தோன்றுகின்றன.

அதே அடையாற்றில், இந்திரா நகரில், மூன்றாவது ஒரு கதவு இருக்கிறது. டி. டி. கே. ஆஸ்பத்திரி என்றால் தெரியும். சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் வசதியான குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் குடிப்பழக்கத்துக்கு இரையாகிச் சிறு வயதிலேயே மாண்டார். அந்தக் காலத்தில் இதற்கென்று தக்க சிகிச்சை நம் பக்கத்தில் கிடையாது. குடியை வியாதி என்றே யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. கொழுப்பு என்றார்கள், கெட்ட சகவாசம் என்றார்கள். சாந்தி அம்மையார் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. அமெரிக்காவில் மின்னசோட்டாவுக்குப் போய்ப் பயிற்சி பெற்று வந்தார். 1980-ல் கணவர் பெயராலேயே ஸ்தாபனத்தைத் தொடங்கினார். பத்மஸ்ரீ 1992-ல் வந்தது.

அங்கே எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. குடிக்கிறவருக்கு மட்டும் சிகிச்சை கொடுப்பதில்லை; மனைவிக்கும் பெற்றோருக்கும் தனியாக வகுப்பு உண்டு. வீடே நோயில் விழுந்திருக்கிறது, வீடே எழுந்திருக்க வேண்டும் என்ற கொள்கை. 1989 முதல் தஞ்சைச் சீமையில் மஞ்சக்குடி என்ற கிராமத்திலேயே முகாம் நடத்தினார்கள். நோயாளி பட்டணத்துக்கு ஓட வேண்டாம். வைத்தியம் ஊருக்கு வரும்.

பாருங்கள், வீடற்றவர்களுக்கு ஓர் இல்லம், புற்றுநோய்க்கு ஓர் ஆஸ்பத்திரி, குடிக்கு ஓர் ஆஸ்பத்திரி. மூன்றும் ஒரே அடையாற்றுப் பக்கத்தில். தங்கையை இழந்த ஒருத்தியும், கணவனை இழந்த ஒருத்தியும் தங்கள் கண்ணீரிலிருந்து கட்டியவை. ஒருநாள் மாலையில் நடந்தே மூன்றையும் பார்த்துவிடலாம். குமாரலிங்கபுரத்திலிருந்து அந்த மூன்று கதவும் ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர்! சிலம்பு எக்ஸ்பிரஸ் அருப்புக்கோட்டை வழியாகத்தான் சென்னைக்குப் போகிறது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு, டாக்டரின் சான்றிதழ் இருந்தால், ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. இது எத்தனை கிராமங்களுக்குத் தெரியும்?

திருச்சுழி என்றதும் பக்தியுள்ள சகோதரிகளுக்கு ரமண மகரிஷி ஞாபகம் வந்திருக்கும். 1879-ல் அவர் பிறந்த ஊர் அது. பதினாறு வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டுத் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். அவரும் புற்றுநோயால்தான் மறைந்தார். இடது கையில் கட்டி. 1949-ல் நான்கு தடவை ரண சிகிச்சை, ரேடியம் வைத்தியமும் கூட. கையையே எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை. 1950 ஏப்ரல் 14-ல் சமாதியானார். வீட்டைத் துறந்தவருக்குக் கடைசி நாட்களில் ஓர் ஆசிரமமே வீடாக இருந்தது. கால் மாட்டில், தலை மாட்டில் ஆட்கள் இருந்தார்கள். வீட்டைத் துறப்பது வேறு, வீடு நம்மைத் துறப்பது வேறு. நம் திண்ணை அம்மாளுக்கு நேர்வது இரண்டாவது.

அவளுக்கு இருக்கும் சில பிடிமானங்களை இங்கே சொல்லிவிடுகிறேன். உங்களில் யாருக்காவது எப்போதாவது உதவும்.

2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் சரி, குடும்பம் நடத்திய வீட்டில் வசிக்க மனைவிக்கு உரிமை உண்டு. நோயைக் காரணம் காட்டி வெளியே தள்ள முடியாது. பெற்றோர்களுக்கு 2007-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. பிள்ளைகள் பராமரிக்கவில்லையென்றால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம்; வக்கீல் வைக்க வேண்டிய அவசியம் இல்லை. கவனித்துக்கொள்வதாக நிபந்தனை போட்டு எழுதி வாங்கிய வீட்டை, கவனிக்காமல் விட்ட பிள்ளையிடமிருந்து திரும்பப் பெறவும் அதில் வழி உண்டு. அருப்புக்கோட்டையிலேயே கோட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. சட்டம் இருந்தால் போதுமா, மகன் மேல் மனுக் கொடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும் என்று கேட்பீர்கள். நியாயந்தான். ஆனால் சட்டம் இருக்கிறது என்று தெரிந்தாலே சில பிள்ளைகளுக்கு ஞானம் பிறந்துவிடும்!

தங்கும் இடத்துக்கு: சென்னை மாநகராட்சி நடத்தும் இரவுக் காப்பகங்களில் சில, அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு வந்தவர்களுக்கென்றே இருக்கின்றன. ஆஸ்பத்திரிக்குப் போன முதல் நாளே, "எங்களுக்குத் தங்க இடம் இல்லை" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு மரத்தடிக்குப் போகிறவர்களே அதிகம்.

குடிக்கிற நோயாளி விஷயத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. பல வருஷம் தினமும் குடித்தவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் திடீரென்று நிறுத்த நேர்கிறது. இரண்டாம், மூன்றாம் நாள் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இல்லாத பூச்சியும் பாம்பும் கண்ணுக்குத் தெரியும். கூட இருப்பவர்கள் "புற்று மூளைக்கு ஏறிவிட்டது" என்று அழத் தொடங்குவார்கள். அது குடி நின்றதன் விளைவு, உயிருக்கே ஆபத்தானது, ஆனால் மருந்து உண்டு. ஆகையால் குடிக்கிற உண்மையை டாக்டரிடம் மறைக்கவே கூடாது. மானம் போகும் என்று பார்த்தால் உயிர் போய்விடும்.

"இனிமேல் புகையிலையை விட்டு என்ன பிரயோஜனம், வருவது வந்துவிட்டதே" என்ற பேச்சையும் கேட்கலாம். பிரயோஜனம் உண்டு. சிகிச்சைக் காலத்தில் புகையிலையைத் தொடர்ந்தால் கதிரின் பலன் குறையும், புண் ஆற நாளாகும், வேறொரு இடத்தில் புதிதாகப் புற்று முளைக்கவும் வாய்ப்பு ஏறும். விட்ட முதல் சில நாட்களில் தூக்கம் வராது, எரிச்சல் வரும், யாரைப் பார்த்தாலும் கோபம் வரும். அந்தச் சில நாட்கள் அவளைத் திட்டாமல் இருந்தால் அதுவே பாதி வைத்தியம். விடுவதற்கு வழி கேட்க 1800-11-2356 என்று அரசாங்கத்தின் கட்டணமில்லாத டெலிபோன் எண் இருக்கிறது.

சமையலறை விஷயம் இல்லாமல் நம் பத்திரிகையில் கட்டுரையா? கதிர் வைக்கும் நாட்களில் காரம், புளி, சூடு மூன்றும் ஆகாது. நன்றாகக் குழைந்த சோற்றில் மோரும், கேழ்வரகுக் கூழும், மசித்த பருப்பும், அரை வேக்காட்டு முட்டை அல்லாமல் நன்றாக வெந்த முட்டையை மசித்தும் கொடுக்கலாம். வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் உப்பும் ஆப்பசோடாவும் கலந்து ஒரு நாளைக்குப் பல தடவை கொப்பளிக்க வேண்டும். ஆனால் பாருங்கள், இவ்வளவுக்கும் ஓர் அடுப்பு வேண்டும். அடுப்புக்கு மேலே ஒரு கூரை வேண்டும். நடைபாதையில் கூழ் காய்ச்ச முடியாது. கடை இட்லிக்குக் காரச் சட்னிதான் கிடைக்கும்.

சிகிச்சை பலிக்காத கட்டத்தைப் பற்றியும் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு இரண்டு வார்த்தை. முற்றிய புற்றின் வலிக்கு மார்பின் மாத்திரை இருக்கிறது. விலை அதிகம் இல்லை. ஆனால் 1985-ஆம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்தின் கெடுபிடியால் வெகு காலம் அது சுலபமாகக் கிடைக்கவில்லை; 2014-ல் திருத்தம் செய்தார்கள். பக்கத்துக் கேரளத்தில் கோழிக்கோட்டு டாக்டர் ராஜகோபாலும் அவருடைய நண்பர்களும் 1993 முதல் வலி நிவாரண இயக்கம் நடத்தி, வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்க வழி காட்டினார்கள். நம் மாநிலத்திலும் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் கிடப்பவர்களை வீட்டில் வந்து பார்க்கும் ஏற்பாடு உண்டு. "மார்பின் கொடுத்தால் அதற்கு அடிமையாகிவிடுவாளே" என்று உறவினர்கள் தயங்குவார்கள். டாக்டர் சொன்ன அளவில் வலிக்குக் கொடுப்பது வேறு, போதைக்குத் தின்பது வேறு. முன்பு குடித்தவருக்கும் வலி வலிதான். மாத்திரையை வீட்டில் பொறுப்பான ஒருவர் கையில் வைத்து, வேளைக்கு எண்ணிக் கொடுத்தால் போதும்.

இங்கேயும் கவனியுங்கள்: வீடு தேடி வருகிற நர்ஸுக்குத் தட்டுவதற்கு ஒரு கதவு வேண்டும்!

இனி, இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களிடம் வருகிறேன். நீங்கள் பட்டணத்தில் இருக்கிறீர்கள். கரிசல் காட்டுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். காலையில் பாத்திரம் துலக்க வருகிறாளே, அவள் எந்த ஊர் என்று விசாரித்திருக்கிறீர்களா? மழை இல்லாமல் கிளம்பி வந்த ஏதாவது ஒரு ஊராக இருக்கும். இடுப்பில் பை இருக்கிறதா என்று பாருங்கள். தெருக்கோடியில் பூக் கட்டும் பாட்டியின் உதட்டைப் பாருங்கள்.

திருவனந்தபுரத்தில் 1996-ல் ஒரு காரியம் தொடங்கினார்கள். டாக்டர்கள் அல்லாத சாதாரணப் பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்பி, வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்க்கச் சொன்னார்கள். வேறு இயந்திரம் இல்லை. 2005-ல் வெளியான முடிவு என்ன தெரியுமா? புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது! அந்தப் பட்டதாரிகள் செய்ததை நாமும் ஓரளவு செய்யலாம்.

ஒரு டார்ச் விளக்கு போதும். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில், ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் பாருங்கள். தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, மூன்று வாரமாக ஆறாத புண், தடிப்பு, கழுத்தில் கட்டி: ஏதாவது இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. அவளுடைய மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் வைக்கச் சொல்லுங்கள். போகவில்லையென்றால் பாக்கு தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்று சந்தேகிக்கலாம். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் சின்ன ரண சிகிச்சையோடு போய்விடும். ஆறு வாரக் கதிருக்கே அவசியம் இல்லாமல் போகலாம்.

அவள் வாயைத் திறக்க மாட்டாள். முந்தானையால் மூடிக்கொண்டு சிரிப்பாள். "ஒண்ணும் இல்லேம்மா, சூட்டுப் புண்ணு" என்பாள். விடாதீர்கள். கூட ஒருநாள் நீங்களே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும். டாக்டர் பரீட்சை செய்து, சதை எடுத்து அனுப்பி, முடிவு வந்து, சிகிச்சை என்ன என்று சொல்லும்போது, அவள் டாக்டரைப் பார்க்க மாட்டாள். உங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள். பிழைப்பேனா என்று கேட்க மாட்டாள். "வேலைக்கு வேற ஆள் வச்சிருவீங்களாம்மா? வீட்டுக்காரம்மா ரூமைக் காலி பண்ணச் சொல்லுமே?" என்றுதான் கேட்பாள்.

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வதென்று, ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவதற்கு முன்பே வீட்டில் கலந்து பேசி வைத்துக்கொள்ளுங்கள்.